மாமா உத்தரவு

செம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து மூன்றாவது தெருவில் எங்கள் வீடு. ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணிக்கு என் மகள் தமிழினி ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஏழு மாதக் கர்ப்பிணி. ஜோஷ்வாவைக் கட்டிக்கொண்டு போனவள், இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் வாசற்படி மிதிக்கிறாள். பிரசவம் வரை இங்கேயே தங்கி, ஆபீஸ் வேலையையும் வீட்டிலிருந்தே பார்ப்பதாக ஏற்பாடு.

பையை வைத்த ஐந்தாவது நிமிடம் குரல் உயர்ந்தது.

"அம்மா, வைஃபை என் போனையும் லேப்டாப்பையும் மட்டும் சேத்துக்க மாட்டேங்குது. நெட் இல்லன்னா நான் நாளைக்கே கிளம்பிடுவேன்."

செல்போன் சிக்னல் எங்கள் தெருமுனை வரை வந்து, நாய்க்குப் பயந்து திரும்பிவிடும். ஆக ரூட்டர்தான் கதி. பதினோரு வயசு அதற்கு. அதன் சூட்டில் ஒரு பல்லிக் குடும்பம் மூன்று தலைமுறை முட்டை பொரித்திருக்கிறது. மழைக்காலத்தில் என் மனைவி ஹேமாவதி அதன் மேல்தான் வடாம் காயவைப்பாள்.

அவள் தம்பி ஏகநாதன் மாடியறையில் இருந்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேரைத் தூக்கி எறிந்துவிட்டு, ரூட்டருக்கு வேறொரு மூளை வைத்தவன் அவன்தான். சித்திரையில் செத்துப்போனான்.

"உன்னைத் தடுத்து வெச்சது உன் மாமாதான்," என்றேன். செத்தவன் மறுக்கவா போகிறான்?

"மாமாவா? எங்க கல்யாணத்துக்கு சாட்சிக் கையெழுத்து போட்டதே அவர்தானேப்பா!"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

அவள் அம்மாவின் போனை வாங்கி ரூட்டருக்குள் நுழைந்தாள். தடைப் பட்டியலில் அவள் போனும் லேப்டாப்பும் மட்டும் இருந்தன. அழித்தாள். திரும்ப வந்தன. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தன.

"பழைய வெர்ஷன், கிறுக்கு பிடிச்சிருக்கு. புதுசு ஏத்திடறேன். பழைய செட்டிங்ஸ் ஒண்ணுகூட வேணாம். சுத்தமா தொடச்சிடலாம்."

'பழையதை வைத்துக்கொள்ளவா' என்ற கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தாள். அழுத்தினாள். விளக்குகள் படபடத்தன.

"இப்ப கரண்ட் போச்சுன்னா இது செங்கல்தான்பா. சுவத்துல வெச்சுப் பூசிடலாம்."

கரண்ட் போனது.

ஃபேன் முனகி நின்றது. ஏரிப்பக்கம் மேகம் கறுத்து, பகலிலேயே கூடம் இருட்டிவிட்டது. தெருவில் ஒரு சத்தம் இல்லை.

ரூட்டரின் விளக்குகள் மட்டும் அணையவில்லை.

தமிழினி மெல்ல எழுந்து ஒயரை உருவினாள். அடாப்டர் அவள் கையில் தொங்கியது. பச்சை விளக்குகள் அப்படியே எரிந்தன.

ஈயம் உருகும் வாடை வந்தது. மாடியில் உட்கார்ந்து ஏகநாதன் பற்றவைக்கும்போது வருமே, அதே வாடை. ஆறு மாதமாக அந்த அறை பூட்டிக் கிடக்கிறது.

நான் ரூட்டரைத் தொட்டேன். பிணம்போல ஜில்லென்றிருந்தது.

"அப்டேட் முடிஞ்சிடுச்சு," தமிழினி கிசுகிசுத்தாள். "எல்லாமே போயிடுச்சு... இது மட்டும் இருக்கு."

அவளுக்கான தடை. புது வெர்ஷனில் பக்கத்திலேயே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. பழையதில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது அது.

குறிப்பு: மாமா உத்தரவு.

"பாத்தியா, உன் மாமாதான்," என்றேன்.

தமிழினி நிமிர்ந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"எழுதினதே மாமா. அவர் மாமான்னு கூப்பிட்டது யாரை?"

அக்கா புருஷனை அவன் வேறென்னவென்று கூப்பிடுவான்?

"நான் இந்த வீட்டுல இருக்கணும்னா, அந்த மாமா வாயைத் திறக்கணும்."

ஹேமாவதி என் முன்னால் வந்து நின்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"அவ ஓடிப்போன அன்னிக்கு நீங்கதான் கத்தினீங்க. 'அவ இந்த வூட்டுக்குள்ள நுழையக்கூடாது, அவ போன்கூட நுழையக்கூடாது'ன்னு. உங்க வூட்டு சோத்தைத் தின்னுக்கினு இருந்தானே, முடியாதுன்னு எப்படிச் சொல்லுவான்? இப்ப அவன் தலையிலயே பழியைப் போடுறீங்க. செத்தும் அவனை விடலையே! எடுங்க. போட்டது நீங்க, நீங்களே எடுங்க."

எனக்கும் கோபம்தான். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மாடிப்படியில் யாரோ ஒரு படி இறங்கினார்கள்.

இன்னொரு படி.

"எடுத்துடுறா, ஏகா," என்றேன். "நான் சொன்னது தப்பு. அவ இருக்கட்டும்."

காலடி நின்றது. தமிழினியின் போன் 'டிங்' என்றது. சேர்ந்துவிட்டது. உடனே ரூட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.

அவள் தங்கினாள். மறுநாள் பழைய ரூட்டரை நானே காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். தாம்பரத்தில் புதிது வாங்கி, சீல் உடைத்து மாட்டினாள் தமிழினி. அவள் போன், லேப்டாப், ஹேமாவதியின் போன், காபி குடிக்க வந்த எதிர்வீட்டு ரோஸியின் போன்கூடச் சேர்ந்தது.

என் போன் மட்டும் சேரவில்லை.

தமிழினி பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு வரி. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

குறிப்பு: எனக்கு இன்னும் கோபம் தீரல, மாமா.