வலது கை

ஆனையூர் மெயின் ரோட்டில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது டாக்டர் சாருலதாவின் பல் ஆஸ்பத்திரி. கீழே மிளகாய் நெடி, மேலே கிராம்புத் தைல வாசனை. இரண்டும் கலக்கும் நடுப்படியில் தும்மாமல் ஏறியவர்கள் குறைவு. கீழக்குயில்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த சின்னத்தாயும் அன்று முற்பகல் தும்மிக்கொண்டேதான் உள்ளே வந்தாள். கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். கன்னம் வீங்கியிருந்ததே தவிர, பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

அங்கே ஒன்பது வருஷமாக உதவியாளர் ஜெயக்கொடி. டாக்டர் எப்போதும் நாற்காலிக்கு வலப்பக்கம் நின்று வாய்க்குள்ளேயே குனிந்திருப்பார். இடப்பக்கம் எச்சில் உறிஞ்சும் குழாயோடு ஜெயக்கொடி. நோயாளியின் கையைக் கவனிப்பது அவள் பொறுப்பு.

"வாய்க்குள்ள வேலை நடக்கும்போது பேச முடியாதும்மா. வலிச்சாலோ மூச்சு முட்டினாலோ இடது கையைத் தூக்குங்க. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா இடது கையவா தூக்கச் சொல்ற? நல்லா இருக்கு தாயி நீ சொல்றது!"

சின்னத்தாய் சிரித்தாள், ஜெயக்கொடியும் சிரித்தாள். இன்னொரு தரம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை அந்த இடது கையிலிருந்து ஜெயக்கொடி கண்ணை எடுக்கவில்லை. அது சாதுவாக மடியில் கிடந்தது. நடுவில் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவருடைய வெள்ளைக் கோட்டு இரண்டு முறை இழுபட்டது. நாற்காலியில் மாட்டியிருக்கும் என்று நினைத்தாள்.

வளையல் சத்தம் நின்றுபோனது.

டாக்டர் விலகியபோதுதான் தெரிந்தது. வலது கை தரையை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தத்துக்கு வைத்த பஞ்சு தொண்டைக்குள் நழுவியிருந்தது.

பதறி ஓடிவந்த மகன் அழகுபாண்டியிடம், "மாரடைப்பு" என்றார் சாருலதா. பிறகு ஜெயக்கொடியைப் பார்த்தார்.

"ஆமாண்ணே, திடீர்னு ஆயிருச்சு" என்றாள் ஜெயக்கொடி.

"கடைசியா ஏதாச்சும் சொல்லுச்சாக்கா?"

"இல்லண்ணே."

சின்னத்தாயின் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கும். பல் அடைக்க ஒரு வாத்தியார் வந்து படுத்திருந்தார். டாக்டரின் தோளுக்குப் பின்னால் மெல்ல ஒரு கை எழுந்தது. பச்சை வளையல்கள் முழங்கையை நோக்கிச் சரிந்தன.

"டாக்டர், கை!"

சாருலதா நிறுத்தினார். "நான் ஒண்ணும் தூக்கலியே" என்றார் வாத்தியார். அவருடைய இரண்டு கைகளும் வயிற்றின் மேல் கோத்திருந்தன.

அதற்குப் பிறகு நான்கு தரம். டாக்டர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அங்கே ஒன்றும் இருக்காது. "இன்னொரு தடவை கை, கைன்னு கத்துன, நாளையிலேருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஜெயக்கொடி வாயை மூடக் கற்றுக்கொண்டாள். கை எழும்; இவள் தரையைப் பார்ப்பாள். யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அந்தப் பொய்யையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய ஒரே மகள் பவதாரிணிக்குக் கடைவாயில் கோணலாக முளைத்த பல் சீழ் பிடித்தது. கல்லூரிக்குப் போகாமல் மூன்று நாள் கஞ்சிதான். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஜெயக்கொடி தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள், படியில் தும்மல் கேட்டது. வலி பொறுக்காமல் மகளே கிளம்பி வந்துவிட்டாள்.

"இடது கை. இடது கையை மட்டும்தான் தூக்கணும்."

"எம்புட்டுத் தடவம்மா சொல்லுவ?"

ஊசி இறங்கியபோது பிள்ளை நடுங்கினாள். ஜெயக்கொடிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கையில் குழாயைப் பிடித்தபடி, மறு கையால் மகளின் இடது கையைப் பற்றிக்கொண்டாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

கீழே மில் ஓடத் தொடங்கியது. தரை லேசாக அதிர்ந்தது.

டாக்டரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கை எழுந்தது.

ஜெயக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள். போயிரு தாயி. இது என் பிள்ளை. இன்னைக்கு ஒரு நாள் போயிரு. கண்ணை இறுக மூடினாள். திறந்தபோதும் கை அங்கேயே இருந்தது. விரல்கள் துடித்தன.

வளையல் சத்தம் இல்லை.

மணிக்கட்டில் மகளின் கறுப்பு வாட்ச்.

'டாக்டர், கை!' என்று அலற வாயெடுத்தாள். நாக்கு அசையவில்லை. உதடு மரத்திருந்தது. மகளுக்குப் போட்ட ஊசி தனக்கே இறங்கியதுபோலத் தாடை செத்துக் கிடந்தது. எட்டி டாக்டரின் கோட்டை இழுக்கலாம் என்றால், மகளின் கையைப் பிடித்திருந்த கை வரவில்லை. அதன் மேல் ஏதோ அழுத்திக்கொண்டிருந்தது. கண் பார்க்கிறது, காது கேட்கிறது, வேறெதுவும் அவள் வசம் இல்லை.

வாட்ச் கட்டிய கை சரிந்து விழுந்தது.

உறிஞ்சும் குழாய் அவள் பிடியிலிருந்து நழுவித் தட்டில் மோதியது. அந்தச் சத்தத்தில்தான் சாருலதா நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

தொண்டைக்குள் நழுவியிருந்த பஞ்சை எடுத்து, மார்பை அழுத்தி, ஆம்புலன்ஸில் ஏற்றி, எப்படியோ உயிர் திரும்பியது.

சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் பவதாரிணி கண் திறந்தாள். குரல் கரகரத்தது.

"கையை ஏம்மா அப்படி அமுக்கிப் பிடிச்ச? தூக்கத் தூக்க விடவே இல்ல. வளையல் வேற குத்துச்சு."

வேலைக்குப் போகும்போது கையில் ஜெயக்கொடி ஒன்பது வருஷமாக வளையல் போட்டதில்லை.

மகள் மறுபடி கண்ணயர்ந்தாள். அவளுடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள் ஜெயக்கொடி. விடிந்ததும் கீழக்குயில்குடிக்குப் போய் அழகுபாண்டியிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அந்த வார்த்தைகளை இப்போதே மெதுவாகச் சொல்லிப் பார்க்க முயன்றாள். உதடு அசையவில்லை. மரத்தது மரத்தபடியே இருந்தது.

கட்டிலுக்கு வலப்பக்கம் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க மக என் கோட்டைப் பிடிச்சு இழுக்குது பாருங்க. என்ன வேணும்னு கேளுங்க."