அமுக்கராவும் காலை எட்டு மணியும்

"அரே... அரே! மேடம், என்ன பண்றீங்க?"

தங்கமயில் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைக் கோட்டு... கலைந்த தலை... கோபத்தில்கூடச் சிரிக்கிற மாதிரி இரண்டு கண்கள். போன சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கியபோது பார்த்த அதே கண்கள்!

தாராவிக்குப் பக்கத்துச் சுனாபட்டியில் அப்படியொரு கிளினிக் இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. குடை மடங்கிப்போய், நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தபடி வாசலில் ஏறியவளின் கண்ணில் அந்த நோட்டீஸ் பட்டது. 'தூக்கம் வரவில்லையா? மூலிகை மாத்திரைச் சோதனையில் சேருங்கள்.'

வரவில்லைதான். இரண்டு வருஷமாக வரவில்லை. தாராவியில் பாதிப் பேருக்கு நாட்டு மருந்து கொடுக்கும் சுயம்புவின் மகளுக்கே தூக்கமில்லை என்று ஊருக்குத் தெரிந்தால் கடை என்னாவது? அப்பாவுக்குத் தெரியாமல் கசகசா, ஜாதிக்காய் எல்லாம் தின்று பார்த்தாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை.

அன்று அவளை உட்கார வைத்து, "எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?" என்று கேட்டவன்தான் இந்த ஆதித்யன். திலக் நகர்க்காரன். சோதனையை நடத்துபவன்.

இன்று பாட்டில் கொடுக்கும் நாள். நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டில் கைக்கு வந்ததும் கடைப் பழக்கம் சும்மா இருக்குமா... ஒரு கேப்சூலைத் திருகி, உள்ளங்கையில் கொட்டி, மோந்து பார்த்துவிட்டாள்.

"அமுக்கராக் கிழங்குன்னு சொன்னிய... அதோட குதிரை வாடையே இல்லியே! இது வெறும் அரிசி மாவுல்லா?"

"மெதுவா பேசுங்க, ப்ளீஸ்..."

"மாவைக் குடுத்து ஏமாத்துதிய, நான் மெதுவா பேசணுமாக்கும்!"

"பாதிப் பேருக்கு டம்மின்னு போன வாரமே சொன்னேனே! யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது, உங்களுக்கும் தெரியக்கூடாது. அதான் ட்ரையலே! எல்லாம் கேட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

சொன்னான்தான்... அவள் அப்போது கேட்டுக்கொண்டா இருந்தாள்? கண்களை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்!

அதற்குள் முப்பத்தொன்பது பாட்டில்கள் திறந்தன. முப்பத்தொன்பது மூக்குகள் வேலை பார்த்தன. "எனக்கும் மாவுதான்!" என்று ஒரு அம்மாள் எழுந்து நின்றார். ஐந்தே நிமிஷத்தில் ஆதித்யனின் இரண்டு வருஷ உழைப்பு குட்டிச்சுவராகிவிட்டது.

"போங்க," என்றான். "நீங்க இனிமே இந்த ட்ரையல்ல இல்ல."

"போறேன். இனிமே நீங்களே வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்!"

ரோஷமாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் வழியெல்லாம் அழுகை. தப்பு தன்மேல் என்று தெரிந்தபின் ரோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நாலாம் நாள் மத்தியானம், கொட்டுகிற மழையில், கடைவாசலில் வந்து நின்றான் அவன்.

"வாங்க தம்பி. என்ன வேணும்?" என்றார் சுயம்பு.

"உங்க பொண்ணோட மூக்கு வேணும் அங்கிள்."

"அது வெளியூர் போயிருக்கு," என்றாள் தங்கமயில், சுக்கைப் பார்த்துக்கொண்டே.

"எப்ப வரும்?"

"போகச் சொன்னவங்க மன்னிப்புக் கேட்டா வரும்."

"ஸாரி." யோசிக்காமல் சொன்னான். "தப்பு என்னோடது. மோந்து பாத்தாலே தெரியுதுன்னா அது என்ன தூக்க மருந்துச் சோதனை? நீங்க முதல் நாளே கண்டுபிடிச்சீங்க. எட்டு வாரம் கழிச்சுத் தெரிஞ்சிருந்தா எல்லாமே வேஸ்ட். திரும்ப நடத்த ஒரே ஒரு சான்ஸ் குடுத்திருக்காங்க... நீங்க கண்டுபிடிக்க முடியாத டம்மி வேணும்."

விஷயம் வெளியே வந்துவிட்டது. சுயம்பு மகளைப் பார்த்தார்.

"ஏட்டி மயிலு... உனக்குத் தூக்கமில்லியா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கடைப் பேரு..."

"கடைப் பேரு கெடக்கட்டும்ட்டி. நீ தூங்கலியே!"

அவளுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு, சட்டென்று கேட்டாள்: "எப்பா, பெருங்காயத்துக்குப் பக்கத்துல வச்ச சீரகம் என்னாகும்?"

"அதுவும் பெருங்காயமா மணக்கும். அதுக்குத்தானே உன்னை எத்தனை தடவை ஏசியிருக்கேன்!"

அவ்வளவுதான். டம்மிக்கான மாவை அமுக்கராக் கிழங்கோடு ஒரே டின்னில் பத்து நாள் மூடி வைத்தார்கள். பதினோராம் நாள், துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் தங்கமயில். ஆதித்யன் ஒவ்வொரு கேப்சூலாகத் திறந்து நீட்டினான். மொத்தம் இருபது. அவள் சரியாகச் சொன்னது ஒன்பது.

"தோத்துட்டேன்..." என்றாள்.

"ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தியவன், தான் அவள் கையைப் பிடித்திருப்பதைப் பார்த்து, நெருப்பைத் தொட்டவன்போல் விட்டான்.

புது ஆட்கள் நாற்பது பேரோடு சோதனை மறுபடி தொடங்கியது. தினமும் காலை எட்டு மணிக்கு ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டு, எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று எழுத வேண்டும். தங்கமயிலுக்குப் பாட்டில் கிடையாது. ஆனால் ஃபோன் மட்டும் வந்தது.

"தூங்கினீங்களா?"

"மூணு மணி நேரம்."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் வந்தது... அதற்கு மறுநாளும். மூன்று நாலானது. நாலு ஆறானது.

எட்டு வாரம் முடிந்து, மழை வெறித்த ஒரு காலையில் லேப்டாப்போடு கடைக்கு ஓடி வந்தான்.

"யாருக்கு அசல், யாருக்கு டம்மிங்கிற ரகசிய லிஸ்ட்டை ஓப்பன் பண்ணிட்டாங்க! அசல் சாப்பிட்டவங்க டம்மி சாப்பிட்டவங்களைவிட அம்பது நிமிஷம் அதிகமாத் தூங்கியிருக்காங்க. மருந்து பாஸ்!"

சுயம்பு சந்தோஷத்தில் கல்லாவைத் தட்டினார். இனிப்பு வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

"ஒரு பேர் மட்டும் புரியல," என்றான் ஆதித்யன் மெல்ல. "நாப்பத்தியொண்ணாவது பேர். அசலும் இல்ல, டம்மியும் இல்ல. மூணு மணி நேரம் தூங்கினவங்க இப்ப ஏழு மணி நேரம் தூங்குறாங்க. என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல..." அவள் தலை குனிந்தாள். "காலையில ஒருத்தர் கேப்பாங்கன்னு தெரியும்... அந்த நெனப்புலயே தூங்கிட்டேன். ஆமா, பாட்டிலே குடுக்கல... என் பேரை ஏன் வச்சிருந்திய?"

"லிஸ்ட்ல இருந்து அடிக்கக் கை வரல." அப்போதுதான் அவன் கண்களுக்குக் கீழே கருவளையத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தூக்கம் வந்திடுச்சு. எனக்குப் போயிடுச்சு. எட்டு மணி எப்ப வரும்னு முழிச்சே கிடக்குறேன், தங்கமயில்..."

முகத்தைத் திருப்பிக்கொண்டு, மருந்து டின்களை நகர்த்தி வைத்தாள். ஆனாலும் மருந்துக்கடைக்காரர் மகள் அல்லவா!

"மருந்து வேணுமா?"

"வேணும்."

"நாளையில இருந்து காலையில எட்டு மணிக்கு நான் ஃபோன் போடுதேன். தூங்கினியளான்னு கேக்கேன். ஆயுசுக்கும் கேப்பேன்... சரியா?"

"இது அசலா, டம்மியா?"

அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"மருந்து மூட்டை மேல படுத்து வளந்தவ சொல்லுதேன்... அசல்!"