முதல் பரிசு வாங்கிய ஒன்பது பேர்

காலை பதினொன்று. இன்ஸ்பெக்டர் நுழைந்தபோது ரெக்கார்டு ரூம் தரையில் ரத்தம் இன்னும் காயவில்லை.

அரசு லாட்டரித் துறையின் குமாஸ்தா குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஏணி.

"ஏணியிலேருந்து வழுக்கி விழுந்துட்டார்..." டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாவம்! நம்ம லாட்டரியோட ஐம்பது வருஷ வரலாற்றை எழுதிட்டிருந்தார்."

"பொய்!"

வாசலில் ஒரு பெண். அழுது சிவந்த கண்கள். செத்தவரின் மகள். அதே ஆபீசில் டைப்பிஸ்ட்.

"அதை டைப் பண்ணினது நான்தான் சார். கடைசி அத்தியாயத்தை மட்டும் காணோம்!"

"அதுல என்னம்மா இருந்தது?"

அவள் ஒன்பது பழைய போட்டோக்களை மேஜையில் பரப்பினாள்.

"இந்த டைரக்டர் குலுக்கல் நடத்தின வருஷங்கள்ல முதல் பரிசு வாங்கினவங்க. நல்லாப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். ஒருவருக்கு மீசை. ஒருவருக்கு தாடி. ஒருவருக்கு மொட்டை. ஆனால்...

ஒன்பது பேருக்கும் ஒரே மூக்கு!

"யாரும்மா இந்த ஆளு?"

"எங்கப்பா."

அவள் டைரக்டரைக் கைகாட்டினாள்.

"விக்காத சீட்டுக்குத்தான் பரிசு விழும் சார். பணம் இவர் பாக்கெட்டுக்கு! பேப்பர்ல போட ஒரு மூஞ்சி வேணும். அப்பா நின்னார்... கூலியா இந்த வேலை. எங்கம்மா சாகற வரைக்கும் வாராவாரம் சீட்டு வாங்கினாங்க. வாங்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லலை, பாவி மனுஷன்! அம்மா போனப்புறம்தான் எழுத உட்கார்ந்தார். இன்னிக்குக் காலையில அந்தக் கடைசி அத்தியாயத்தை இவர்கிட்டயே நீட்டினார்..."

டைரக்டர் பாய்ந்தார்.

"கேட்டீங்களா? திருட்டுப்பய! மானம் போயிடும்னு தற்கொலை பண்ணிக்கிட்டான்!"

"இப்பத்தான் வழுக்கி விழுந்தார்னீங்க?" இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

 டைரக்டரின் வாய் மெல்லக் கோணியது.

"சரிய்யா... எதை வெச்சு நிரூபிப்பே? அந்த அத்தியாயம் சாம்பலாயிடுச்சு!"

"அது காப்பி சார்." அவள் குரலில் நடுக்கமே இல்லை. "ஒரிஜினல் நேத்தே அச்சுக்குப் போயாச்சு. உங்க முன்னுரையோட! படிக்காமலே கையெழுத்துப் போட்டீங்களே... 'ஒவ்வொரு வரியும் உண்மை'ன்னு!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"வாழ்த்துகள் சார்... உங்க குலுக்கல்ல நிஜமாவே பரிசு விழுந்த மொத ஆள் நீங்கதான்!"