கருப்பம்மா விழுங்கிய மாத்திரைகள்

"முழுங்கு! என் கண்ணு முன்னால முழுங்கு!"

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் அங்கம்மா ஆரம்பித்துவிட்டாள். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீர்ச் செம்பு. கருப்பம்மா சுவரோரம் படுத்திருந்த புருஷனைப் பார்த்தாள். சின்னராசா கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்திக்கு முழுங்கிக்கிறேன் மதினி..."

"தனலெட்சுமிய பாக்க வெலிமடையிலேருந்து இன்னைக்கு ஆளு வாராங்க. அவுங்க முன்னால நீ கைகால இழுத்துக்கிட்டு விழுந்தீன்னா எம் பொண்ணு கதி என்னாகும்? நாடு கெட்டு ஓடியாந்தவளுக்கு எடம் குடுத்தேன் பாரு...!"

கருப்பம்மா விழுங்கினாள். இந்த வாரம் முழுவதும் இதே கூத்துதான். மாத்திரைப் பொட்டலம் நாத்தனாரின் இடுப்புக்குப் போய்விட்டது.

அவளுக்கு வலிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! எண்பத்து மூன்று இனக் கலவரத்தில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் தீ வைத்தவர்கள் சின்னராசாவின் மண்டையில் போட்டார்கள். அதில் வந்தது இந்த நோய். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தெமோதரைப் பக்கத் தோட்டத்தில் இருந்த அவன் அக்காள் அங்கம்மா வீட்டுக்கு ஓடி வந்தார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்க ஆள் குறைவாக இருந்ததால் கருப்பம்மாவுக்குப் பேர் பதிந்தார்கள். சின்னராசாவுக்கு வேலை இல்லை என்றார்கள். பேர் பதியாத ஆளுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு சொட்டு மருந்து கிடையாது. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமென்றால், கலவரத்துக்குப் பிறகு பஸ் சத்தம் கேட்டாலே அவன் உடம்பு வெடவெடத்தது. வேறு வழியில்லாமல் அவள் டிஸ்பென்சரியில் போய் நின்று, "எனக்கு வலிப்புங்க ஐயா" என்றாள். கிடைத்த மாத்திரையை ரகசியமாக அவனுக்குக் கொடுத்துவந்தாள்.

வீட்டிலும் அப்படியே சொல்லச் சொன்னவன் சின்னராசாதான். தாய்மாமனுக்கு வலிப்பென்றால் தனலெட்சுமியை எவன் கட்டுவான்? மாமன் பெண்டாட்டி வெளியிலிருந்து வந்தவள். அவள் நோய் பெண்ணின் ரத்தத்தில் சேராதே! அந்தப் புண்ணியத்துக்கு அவளுக்குக் கிடைத்தது தனித் தட்டும் வலிப்புக்காரி என்ற பேரும். பாவி மகள், பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சுமந்தாள்.

"சொல்லிடட்டுமா?" என்று கருப்பம்மா புருஷனிடம் மெல்லக் கேட்டாள்.

"புள்ளைய பாத்துட்டுப் போகட்டும். இன்னைக்கு ஒரு நாளு தாங்க மாட்டேனா?" என்றான் அவன்.

அவன் தாங்கவில்லை. வெலிமடைக்காரர்கள் லயத்துப் படி ஏறும்போது உள்ளே தடாலென்று சத்தம் கேட்டது. அங்கம்மா ஓடினாள். தம்பி தரையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை!

"ஐயோ, எந் தம்பிக்கு என்னாடி?"

"அவரு மாத்திரைய எனக்குக் குடுத்துட்டீங்களே மதினி...!"

அங்கம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இடுப்பிலிருந்த மாத்திரையை எடுத்து அவன் வாயில் திணித்தாள். பல் கிட்டிப்போயிருந்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை. மாப்பிள்ளை வீட்டாரைத் தள்ளிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

"ஐயா, எந் தம்பிக்குத்தாங்க வலிப்பு! கருப்பம்மாவுக்கு இல்லீங்க! ஒரு ஊசி போடுங்க சாமி!"

அவள் கத்தியது லயம் வரைக்கும் கேட்டது. வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

மருந்து கொடுப்பவர் எழுந்திருக்கவில்லை. "பேரில்லாத ஆளுக்கு நான் வர ஏலாது. பொய் சொல்லியா மருந்து வாங்கினா அவ? இனிமே அவளுக்கும் இல்ல" என்று ஜன்னலைச் சாத்தினார்.

அங்கம்மா வெறுங்கையோடு திரும்பினாள். வலிப்பு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. மூச்சு வரவர அடங்கிக்கொண்டு போயிற்று. அவன் தலை கருப்பம்மாவின் மடியில் கிடந்தது.

"எம் பொண்ணுக்காகப் பழி சொமந்தியேடி தாயி! ஒன்னய தனியா ஒக்கார வச்சுச் சோறு போட்டேனே... எங் கையாலயே எந் தம்பிய..." அங்கம்மா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

கருப்பம்மாவும் அழத்தான் பார்த்தாள். முடியவில்லை. புருஷனுக்குப் போக வேண்டிய மாத்திரையெல்லாம் அவள் உடம்பில் இருந்தது. அவன் மூச்சை எண்ணக்கூட விடாமல் அவள் கண்களைத் தூக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று.