பொட்டு துடைத்த லென்ஸ்

லென்ஸுக்குள் இரண்டு கீர்த்தனா தெரிவது புதிதல்ல. அதில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றதுதான் புதிது.

சித்ராதேவி பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறவள். ஆறு வருடமாக அந்த லென்ஸைப் பிடித்துத் துணியில் ஓட்டை தேடியவளுக்கு அதன் சேட்டையெல்லாம் அத்துப்படி. சற்றுச் சாய்த்தால் முதுகுக்குப் பின்னால் இருப்பது குட்டியாக, இரண்டாகத் தெரியும். கண்ணாடியின் முன்வளைவு நேராகக் காட்டும், பின்வளைவு தலைகீழாகக் காட்டும். பள்ளி லீவென்று கூட்டி வந்த மகள் கீர்த்தனாவும் அப்படித்தான், துணி ரோல்மேல் உட்கார்ந்து பொரி தின்றபடி நேராக ஒருத்தி, தலைகீழாக ஒருத்தி.

இன்று ஆயுத பூஜை. மெஷின், கத்தரி, லென்ஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. அதே குங்குமத்தைத்தான் மகள் நெற்றியிலும் வைத்திருந்தாள். நாளைக் காலைவரை எதையும் தொடக்கூடாது. எல்லோரும் கிளம்பிய பிறகு சூப்பர்வைசர் தனபால் போனில் கெஞ்சினார்.

"அந்த நாலு ரோலை மட்டும் பாத்து உட்ரு கண்ணு. லாரி நிக்குது."

சாமியைவிட லாரிக்கு அவசரம். மனசு கூசியது. இருந்தும் முந்தானையால் லென்ஸின் பொட்டைத் துடைத்தாள்.

ஓடாத மெஷின்களுக்கு நடுவே, சூடமும் எண்ணெயும் கலந்த வாசனையில், பஞ்சுத்தூசு மிதக்கும் மத்தியான வெளிச்சத்தில், அவள் மூச்சுச் சத்தம் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

லென்ஸுக்குள் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"ஏ கீர்த்தனா, எந்திரிக்காத."

"நான் உக்காந்துதாம்மா இருக்கேன்."

திரும்பிப் பார்த்தாள். மகள் உட்கார்ந்துதான் இருந்தாள். பொரி மென்றுகொண்டிருந்தாள்.

மறுபடி லென்ஸ். நேரானவள் உட்கார்ந்திருந்தாள். தலைகீழானவள் நடந்தாள்.

மேலே கூரைத் தகரத்தில் கொலுசுச் சத்தம்.

துணிமேல் ஒரு பொரி விழுந்தது. மேலேயிருந்து. இன்னொன்று.

"அம்மா." மேலேதான். "என்னய இறக்கி விடும்மா."

சித்ராதேவி அண்ணாந்தாள். தகரத்தில் பாதம் பதித்து, இரட்டைச் சடை தொங்க, கீர்த்தனா தலைகீழாக நின்று அழுதாள்.

"யாரும்மா அது?" பின்னால், ரோல்மேலிருந்து கீர்த்தனா கேட்டாள்.

சித்ராதேவி லென்ஸைப் பார்த்தாள். ரோல் தெரிந்தது. ரோல்மேல் யாருமில்லை. கூரையிலும் யாருமில்லை.

நிமிர்ந்தாள். கீழே ஒருத்தி. மேலே ஒருத்தி. இரண்டு நெற்றியிலும் பொட்டு இல்லை. முந்தானை இழுத்த சிவப்புத் தடம் மட்டும்.

இரண்டு பேரும் தங்களைத் தூக்கச் சொல்லி அவளிடம் கை நீட்டினார்கள்.