கை வைத்த நாற்காலி

சிற்பியின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மதிய வெயிலிலிருந்து உள்ளே நுழைந்த தச்சருக்குச் சற்று நேரம் கண்ணே தெரியவில்லை. வார்னிஷ் வாடை. அதற்கு அடியில், ஈரத் துணியை நாள்கணக்கில் மூடி வைத்தது போல வேறொரு வாடை.

கூடத்தின் நடுவில் அந்த நாற்காலி. ஒரே அடிமரத்தில் குடைந்தது. சாயும் இடம் ஒரு பெண்ணின் மார்பும் தோளும். உட்காரும் இடம் அவள் மடி. கைப்பிடிகள் அவள் கைகள். நகக்கண் வரை செதுக்கியிருந்தது. அதில் உட்காருவதா, தள்ளி நின்று பார்ப்பதா என்று தச்சருக்கு விளங்கவில்லை.

விரிந்திருந்த விரல்கள் வரவர உள்பக்கம் மடங்குகின்றன, இழைத்துச் சரிசெய்ய வேண்டும் என்றார் சிற்பி. மரம் காய்ந்தால் முறுக்கும் என்று தச்சர் சொல்லிவைத்தார். சொன்னவருக்கே நம்பிக்கை இல்லை.

மாதிரிக்கு உட்கார்ந்தவள் சிற்பியின் மனைவிதானாம். காலையில் உட்கார வைத்தால் விளக்கு வைக்கும்வரை எழுப்பமாட்டாராம். அசைந்தால் உளி அடிக்கும் கொட்டாப்புளியால் விரலில் ஒன்று போடுவாராம். சாப்பிட்ட சாப்பாட்டைச் சொல்வது போலச் சொன்னார்.

"கடைசியில உட்கார்ந்தபடியே போயிட்டா. அப்பதான்பா அந்தக் கை சரியா அமைஞ்சுது."

தச்சர் குனிந்து சாமான் பையைத் திறந்தார்.

விரல் எங்கே குத்துகிறது என்று காட்ட, சிற்பி அந்த மடியில் உட்கார்ந்தார்.

மரம் முனகியது.

இரண்டு கைகளும் அவர் மார்பைச் சுற்றிக்கொண்டன. மெதுவாக, பிள்ளையை அணைப்பது போல.

"அறு... அறுத்துடுப்பா."

தச்சர் ரம்பத்தை அந்த மர மணிக்கட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

மரத்தூள் ஈரமாக விழுந்தது.

காதோரம் ஒரு பெண்குரல். ரொம்பவும் களைத்த குரல்.

"வேணாம்ணே. வலிக்குது."

தச்சர் ரம்பத்தை எடுத்துவிட்டார். சிற்பியின் பிதுங்கிய கண்கள் அவரையே பார்த்தன. இன்னும் இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே விறகு முறிவது போல ஒவ்வொன்றாக முறிந்தது. விறகு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

நாற்காலி மேலே சரிந்து சிற்பி நசுங்கிப்போனார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.  தச்சருக்கு வருத்தம்கூட வரவில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

சில வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்து கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தார். மனைவி பின்னால் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"முன்னறையில ஒரு அம்மா வந்திருக்காங்க. அண்ணனைப் பார்க்கணுமாம். மணிக்கட்டுல துணி சுத்தியிருக்காங்க. எவ்வளவு சொல்லியும் உட்கார மாட்டேங்குறாங்க."