இரண்டாவது அழைப்பு

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் ஓர் உயிரின் விலை இரண்டு தொலைபேசி அழைப்புகள். ஒருவர் இறந்தார் என்று சொல்ல இரண்டு. பிழைத்தார் என்று சொல்லவும் இரண்டு. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே சேதியைச் சொல்ல வேண்டும். அமைச்சருக்கும் அடுத்த தெரு தையல்காரருக்கும் ஒரே விலை, தள்ளுபடி கிடையாது. நிலையத்தை ஆரம்பித்த முதலாளி மகா கருமி. இந்த ஒரு செலவில் மட்டும் கையைச் சுருக்கியதே இல்லை.

இருபத்தாறு வருடம் ஓடிய நிலையம், இன்று மாலை ஆறு மணிச் செய்தியோடு மூடுகிறது. நாற்காலிகள்கூட விலைபோய்விட்டன. செய்தி ஆசிரியை தன் மேசைக்குத் திரும்பியபோது, காலையிலேயே இணைப்பைப் பிடுங்கி வயரைச் சுருட்டி வைத்திருந்த தொலைபேசியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கூரையில் கசிவு இல்லை. கைக்குட்டையால் துடைத்தாள். ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது.

செய்தி வாசிப்பவர் திருத்தப் பதிவேட்டோடு வந்தார். ஒளிபரப்பில் போன ஒவ்வொரு பிழையும் அதில் இடப்பக்கம். அதைத் திருத்தி வாசித்த தேதி வலப்பக்கம்.

"மேயர் வயசுல ரெண்டு கூட்டி வாசிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டோமே, ஞாபகம் இருக்காக்கா? அவர் சம்சாரமே போன் பண்ணி, மொதல்ல சொன்னதுதான் சரின்னாங்க."

"அதுக்கு ரெண்டாவது ஆள் கெடைக்கலையே."

சிரித்தார்கள். பிறகு அவர் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தார். பிழை 412. திருத்தம் 411.

"இன்னிக்கு விட்டா வாசிக்க இடமே இல்லக்கா. அன்னிக்கு வாசிச்சவன் நான். நானே வாசிச்சு முடிச்சுடறேன். ஆறு மணிக்குள்ள தாளைக் குடுங்க." அவள் முகத்தைப் பார்க்காமலே ஒப்பனை அறைக்குப் போனார்.

ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு படகு கவிழ்ந்த மாலை. கரையிலிருந்து யாரோ அழைத்தார்கள்: உங்க பையனைத் தூக்கிட்டாங்க, போர்வை போத்தி உக்கார வெச்சிருக்காங்க. எத்தனையோ வீட்டுச் சேதிகளுக்கு இரண்டாவது அழைப்பு வரும்வரை காத்திருந்தவள், தன் வீட்டுச் சேதிக்குக் காத்திருக்கவில்லை. உயிருடன் மீட்கப்பட்டார் என்று பெயரோடு போயிற்று. போர்வைக்குள் இருந்தது வேறு வீட்டுப் பிள்ளை. அவள் மகன் கரைக்கு வரவே இல்லை, உடலாகக்கூட. போயிட்டான்னு சொல்லவும் ரெண்டு பேர் வேணுமே என்று விதியைக் காட்டியே இத்தனை வருடம் திருத்தம் எழுதாமல் தட்டிக்கழித்தாள்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து 'திருத்தம்' என்று எழுதினாள். அவன் பெயருக்குப் பேனா நகரவில்லை. சின்ன வயதில், வீட்டுப்பாடம் முடிச்சிட்டேன்மா என்பான். ரெண்டாவது ஆள் யாரு என்பாள். "நானே ரெண்டு தடவ சொல்றேன்மா."

மின்விசிறிகளையும் கழற்றிவிட்ட அந்தக் கூடத்தில் தன் மூச்சே தனக்குக் கேட்கும் அமைதி இருந்தது, அந்த அமைதிக்குக் கீழே எங்கோ, நனைந்த துணியை ஒவ்வொரு படியாக அறைந்து அறைந்து மேலே கொண்டுவருவதுபோல ஒரு சத்தம், ஏறி, இளைப்பாறி, மறுபடி ஏறி வந்துகொண்டிருந்தது. சேற்று வாடை தொண்டை வரை இறங்கியது.

தொலைபேசி அடித்தது.

வயர் சுருண்டபடியே கிடந்தது. எடுத்தாள். தண்ணீர். நிறையத் தண்ணீர் புரளும் சத்தம்.

"அம்மா."

ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

"ரெண்டாவது ஆளா நானே சொன்னா செல்லுமா?"

வைத்துவிடலாம். நாலு வரி, ஒரு கையெழுத்து. அவன் ஒழுங்காகச் செத்துப்போவான்.

"எதை உறுதி பண்றே?" பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"நீ வாசிக்கச் சொன்னதத்தான்மா. கரைக்கு வந்துட்டேன்."

சத்தம் படியில் இல்லை. நடைவழியில். கதவில்.

குரல் ரிசீவரில் இல்லை. பிடரியில்.

"குளிருதும்மா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தாளைக் கிழித்தாள். பதிவேட்டில் பிழைப் பக்கத்திலிருந்து அந்த ஒரு வரியை அடித்தாள். 'இரண்டாவதாக உறுதி செய்தவர்' என்று ஓரத்தில் எழுதி, பக்கத்தில் இடம் விட்டாள்.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. வெளுத்து, ஊறி, விரல் நுனிகளை மீன்கள் தின்று தீர்த்த கை. பேனாவை வாங்கிக்கொண்டது. அதே பள்ளிக்கூடக் கையெழுத்து, கோணல்கூட மாறவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒளிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மணி ஆறு. தாளுக்காகத் திரும்பிய வாசிப்பாளரின் பார்வை அவளிடம் நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் போய் நின்றது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. நேரலையில் ஒரு சொல்லும் போகவில்லை.

அவள் அந்தக் கையைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் பேனாவைத் திரும்ப வாங்கிக் கூட்டி எழுதினாள்.

பிழை 411. திருத்தம் 411. பாக்கி இல்லை.